வளையும் வலையும்

“தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்” என்பது நம்மவர் பழமொழி. பிறருடைய பிடிவாதத்தைச் சுட்ட வேண்டிய போதெல்லாம் நான் இதனை வகுப்பறையில் எடுத்தாண்டிருக்கிறேன். அது ஒருநாள் என்மீதே திரும்பும் என்று எண்ணியவனல்லன். திரும்பியதும் உண்மையான ஒரு முயலின் பொருட்டே என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

நான் ஒருகொடவத்தையிற் குடியிருப்பவன். பேஸ்லைன் வீதியும் அவிசாவளைக்குச் செல்லும் வீதியும் சந்திக்கும் இடம் அது. கொள்கலன்களைச் சுமந்த லொறிகள் இரவு பகலாக இரைந்து செல்லும். வடக்கே சிறிது தூரத்திற் களனி கங்கை ஓடுகிறது. முயல் வேட்டையைப் பற்றிப் பேசுவதற்கு இதனினும் பொருத்தமற்ற இடத்தைக் கொழும்பிலே தேடிக் காண்பது அரிது. ஆயினும், வலைகளைப் பற்றி நான் அறிந்தவற்றுள் பெரும்பகுதியை இங்கேயே, ஓர் ஒழுங்கையின் முடிவில், வெள்ளநீரில் முழங்காலளவு நின்றுகொண்டுதான் கற்றேன்.

2016ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, மாலை வேளைகளில் என் வீட்டுத் திண்ணையில் அயற்பிள்ளைகள் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து வந்தேன். ஒருநாள் வாசித்த கதையில் முயலொன்று வளைக்குள் ஓடி ஒளிந்தது. “முயல் வளை தோண்டி வாழும் பிராணி” என்று பிள்ளைகளின் கொப்பியில் எழுதுவித்தேன். மதிலுக்கு அப்பால் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் தலையை நிமிர்த்தினார். முல்லைத்தீவிற் பிறந்து வளர்ந்தவர். யுத்தத்தின்பின் மகளோடு வந்து கொழும்பில் இருப்பவர். முகத்துவாரத்து மீனவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுப்பது அவருடைய பொழுதுபோக்கும் சிறு வருவாயும் ஆகும்.

“மாஸ்ரர், முயலுக்கு ஏது வளை? எலிக்கு வளை இருக்கு, நண்டுக்கு வளை இருக்கு. முயல் புல்லுக்குள்ளை கிடக்கிற சாதியெல்லோ?” என்றார்.

பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தனர். நான் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். என் பக்கத்துக்கு எதிர்பாராத ஒரு சாட்சியும் கிடைத்தது. எங்கள் ஒழுங்கையிற் சிறுவன் ஒருவன் வெள்ளை முயல்கள் வளர்த்தான். “என்ட முயல் மதிலுக்குப் பின்னால வளை தோண்டியிருக்குத்தானே, அப்பு!” என்றான் அவன். முதியவர் சிரித்தார். “அது கூட்டிலை வளர்ந்தது, தம்பி. அதுக்குப் புத்தி மாறிப் போச்சு” என்று சொல்லிவிட்டு மீண்டும் வலை ஊசியை எடுத்தார். வழக்கில் வென்றதாக நான் கருதிக்கொண்டேன். அவரும் அவ்வாறே கருதியிருப்பார்.

எனினும் என் மனத்தில் ஓர் உறுத்தல் இருந்தது. காட்டோரத்திலே வாழ்ந்த மனிதர் கண்ணாற் கண்டதை மறுப்பதற்கு ஒரு கதைப் புத்தகம் போதுமா? அன்றிரவு பத்துப்பாட்டை எடுத்தேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைத் தலைவனாகக் கொண்டு பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு முயல் வேட்டை வருகிறது. வேட்டுவர் நாய்களோடு சென்று புதர்களை அடித்துக் கலைக்கின்றனர். வேலிபோல ஒன்றோடொன்று தொடுத்த வலைகளை முன்னரே மாட்டி வைத்திருக்கின்றனர். தாமரையின் புறவிதழ் போன்ற நீண்ட செவிகளையுடைய முயல்கள் தப்பிச் செல்ல வழியின்றி வளைக்கப்படுகின்றன. இங்கே வலை கட்டப்பட்டிருப்பது எந்த வளையின் வாயிலும் அன்று. புதருக்கு வெளியே, ஓடும் வழியின் குறுக்கே. புலவர் கண்ட முயல் ஓடுகின்ற முயல். முதியவர் கண்டதும் அதுவே.

நமது நாட்டிலும் இந்தியாவிலும் பற்றைக்காடுகளிலே திரியும் முயல், பிடரியிற் கறுத்த திட்டுடைய இனம். அது வளை தோண்டி வாழ்வதில்லை. புல்லை அழுத்தி உடலளவாக ஒரு பள்ளம் செய்து, பகலை அதில் அசையாமற் கழித்து, அந்தியில் மேயப் புறப்படும். ஆபத்து நெருங்கினால் மண்ணை நம்பாது. தன் பின்னங்கால்களையே நம்பும். ஆகவே அதைப் பிடிக்க விரும்பியவன் நீண்ட வலையை நிமிர்த்திக் கட்டினான். தானும் தன் இளமையிற் பழைய மீன்வலைகளை வேலியோரம் கட்டி முயல் மறித்ததுண்டு என்று முதியவர் பின்னர் ஒருநாள் சொன்னார்.

அப்படியாயின் ஆங்கிலக் கதையில் வந்த முயல் எது? அது வேறொரு பிராணி. ஐபீரியக் குடாநாட்டை ஆதித் தாயகமாகக் கொண்டது. மண்ணுக்குள் கிளை பிரியும் சுரங்கங்கள் தோண்டிக் கூட்டமாக வாழ்வது. உலகெங்கும் கூட்டில் வளர்க்கப்படும் வெள்ளை முயலும் சாம்பல் முயலும் அதன் வழிவந்தவையே. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் தனித்தனிப் பெயருண்டு. நாம் இரண்டையும் ‘முயல்’ என்கிறோம். முதியவரும் நானும் ஒரே சொல்லின் இரு பக்கங்களில் நின்று வழக்காடியிருக்கிறோம்!

இந்த வளைமுயலைப் பிடிக்க ஐரோப்பியர் கண்ட உபாயம் விநோதமானது. பெரற் என்றொரு சிறு பிராணியை அவர்கள் பழக்கி வைத்திருக்கின்றனர். மெலிந்து நீண்ட உடலும் குறுங்கால்களும் கொண்டு, பார்வைக்கு நம் கீரியை நினைவூட்டுவது; ஆனால் கீரிக்கு உறவன்று. அதனை வளைக்குள் விட்டால், உள்ளே கிடக்கும் முயல்கள் அஞ்சி மறுவாயில்களால் வெளியே பாயும். வாயில்தோறும் வலை காத்திருக்கும். பெரற் பிடிப்பதில்லை, விரட்டுகிறது. பிடிப்பது வலையே. ஆதலால், இத்தொழிலில் வலையைத் தேர்வது பெரற்றைத் தேர்வதற்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

இது மிகப் பழைய தொழில். ஐபீரியாவின் முயல்வளைகளுக்குள் வாய்கட்டிய பிராணிகளை விட்டு விரட்டும் வழக்கத்தைக் கிரேக்கப் புவியியலாளர் இசுட்ராபோ குறித்துள்ளார். முயல்களின் பெருக்கத்தைத் தாங்கமாட்டாத பலேரிக் தீவினர், உரோமைப் பேரரசர் அகுஸ்துவிடம் படையுதவி கேட்டதாகப் பிளினி எழுதியிருக்கிறார். பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்திலே வரையப்பட்ட ‘மேரி அரசியின் சங்கீதப் புத்தகம்’ என வழங்கும் ஏட்டின் ஓரச் சித்திரம் ஒன்றில், பெண்கள் வளைவாயில் வலை விரித்துப் பெரற்றைக் கொண்டு முயல் பிடிக்கின்றனர். 1390ஆம் ஆண்டில், இரண்டாம் ரிச்சர்டு மன்னன் காலத்தில், ஆண்டுக்கு 40 சிலிங் வருமானம் தரும் நிலமில்லாத சாமானியர் வேட்டை நாயோ பெரற்றோ வலையோ வைத்திருக்கலாகாது என்று சட்டமே பிறந்தது. முயல் செல்வருடைய உணவாகவும் உரோமமாகவும் இருந்த காலம் அது. ஏழையின் கையில் ஒரு முழ வலை இருப்பதும் ஆள்வோர் கண்ணுக்குக் குற்றமாகத் தெரிந்தது.

வளைவாயில் விரிக்கும் வலையைப் ‘பைவலை’ எனலாம். நீளம் ஏறத்தாழ மூன்று முதல் நான்கு அடி. அதன் இரு முனைகளிலும் ஒவ்வோர் உலோக வளையம். விளிம்பைச் சுற்றி ஒரு கயிறு ஓடி, அவ்வளையங்களினூடாக வந்து, நிலத்தில் அறைந்த மரமுளையில் முடியும். வலையை வளைவாயின்மேல் தளர்வாகப் பரப்பி விடுவர். வெளியே பாயும் முயல் வலையின் நடுவில் மோதியதும் விளிம்புக்கயிறு இறுகும். வலை சுருக்குப்பைபோல மூடிக்கொள்ளும். கயிறு வழுக்கி ஓடாவிட்டாலும் முளை ஆடினாலும் முயல் போய்விடும்.

வலையின் கண்ணைத் தேர்வதிலும் கணக்கு உண்டு. முடிச்சுக்கு முடிச்சு ஏறக்குறைய இரண்டு அங்குலம் வழக்கமான அளவு. கண் மிகச் சிறிதாயின், முயலைப் பின்தொடர்ந்து வெளிவரும் பெரற்றும் சிக்கி வலையைக் குலைத்துவிடும். மிகப் பெரிதாயின் முயலே நுழைந்து போகும். விரட்டுபவன் தடையின்றிப் போகவும் ஓடுபவன் தங்கவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவேதான் அந்த இரண்டு அங்குலம் நிற்கிறது.

அடுத்தது நூல். பழைய வலைகள் சணலினத்து நாரால் ஆனவை. அவற்றுக்குக் கனம் உண்டு. நிலத்தோடு படிந்து கிடக்கும், காற்றில் எழாது. ஆனால் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உக்கிப்போகும். ஒவ்வொரு நாளும் உலர்த்தவேண்டும். நைலோன் உக்காது, விலையும் குறைவு. எனினும் வழுவழுப்பான மெல்லிய நைலோன் இலேசானது. காற்றுக்கு எழும்பும், சுள்ளியில் மாட்டும், தன்னோடு தானே சிக்கும். இரண்டின் நன்மையையும் வேண்டுவோர் பஞ்சுபோல முறுக்கிய தடித்த நைலோனைத் தேர்வர். நிறத்தைப் பற்றியும் விவாதம் உண்டு. பச்சையும் மண்ணிறமும் கண்ணுக்கு இனியவைதாம். ஆனால் மாலையில் வலைகளைத் திரட்டும்போது புல்லில் ஒன்று மறைந்து விடுபட்டால், அதில் யாரும் அறியாது ஓர் உயிர் சிக்கி வதையும். ஆகையால் பளிச்சென்ற நிறத்தை விரும்புவோர் பலர்.

இவற்றோடு நீள்வலை ஒன்றும் உண்டு. இரவிலே முயல்கள் மேய்ச்சலுக்குப் போயிருக்கையில், அவற்றுக்கும் வளைகளுக்கும் இடையே கோல்கள் நாட்டி அதைக் கட்டுவர். நூறு யார் தூரத்துக்குச் சுமார் நூற்றைம்பது யார் வலை வேண்டும். இழுத்துக் கட்டிய வலை முயலைத் திருப்பி எறியும், தொய்ந்த வலையே அணைத்துப் பிடிக்கும். பெரும்பாணாற்றுப்படை வேட்டுவரின் தொடர்வலைக்கு இது தூரத்து உறவு. எந்த வலையானாலும், முதல் விதி ஒன்றே: வலை விரிக்குமுன் எல்லா வாயில்களையும் தேடிக் காணவேண்டும். காணாத ஒரு வாயில், கட்டிய பத்து வலைகளையும் வீணாக்கும்.

இவற்றையெல்லாம் நான் ஆர்வத்தோடு வாசித்தேன். ஒருகொடவத்தையில் இந்த அறிவுக்கு ஒருநாளும் வேலை வராது என்றே நினைத்தேன்.

அவ்வாண்டு மே மாத நடுவிலே பெருமழை பிடித்தது. களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டி முதலிய தாழ்நிலங்களெல்லாம் வெள்ளக்காடாயின. எங்கள் ஒழுங்கைக்கும் நீர் வந்தது. மனிதரும் பாய்களும் அடுப்புகளும் மேல்மாடி வீடுகளுக்கு ஏறிய பின்னர், அந்தச் சிறுவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனுடைய நான்கு முயல்களும் மதிலுக்குப் பின்னுள்ள மண்மேட்டு வளைக்குள் இருந்தன. மேட்டின் அடிவரை நீர் ஏறியிருந்தது. மேட்டின்மேல் தெருநாய்கள் மூன்று ஒதுங்கி நின்றன. முயல்கள் உள்ளே இருந்தால் மூழ்கும். வெளியே பாய்ந்தால் நாயின் வாய் அல்லது வெள்ளம்.

நான் முதியவரிடம் ஓடினேன். பைவலையைப் பற்றி வாசித்ததை மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. மேல்மாடியில் ஏற்றி வைத்திருந்த சாக்கை அவிழ்த்தார். முதலில் நான் எடுத்தது தங்கூசி வலை. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. “அது வேண்டாம் மாஸ்ரர். துள்ளத் துள்ளத் தோலை அறுக்கும், கால் முறியும். உயிரோடை பிடிக்கிறதெண்டால் தடிச்ச நூல் வேணும்” என்றார். அடுத்து நெருங்கிய கண்ணுடைய இறால் வலை. அதையும் விலக்கினார். கால்நகம் கொழுவ இடமில்லாத வலையில் முயல் முட்டித் திரும்பி உள்ளேயே போய்விடும் என்பது அவர் கருத்து. அடியில் ஒரு பழைய வலை கிடந்தது. முறுக்கு நைலோன், பலகாலம் கடலில் உழைத்து மிருதுவானது, கண் மூன்று விரலகலம். அதைத் துண்டுகளாக வெட்டினார். விளிம்பிற் கயிறு ஓட்டினார். வளையத்துக்கு நான் என் சன்னல் திரைச்சீலையின் வளையங்களைக் கழற்றிக் கொடுத்தேன். “காத்துக்கு எழும்பும்” என்று சொல்லி, வலைகளை வெள்ளநீரில் தோய்த்து எடுத்தார். நனைந்த வலை மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. புத்தகம் சணல் நாருக்குச் சொன்ன கனத்தை அவர் ஒரு வாளித் தண்ணீராற் கொடுத்துவிட்டார்.

மேட்டிலே மூன்று வாயில்கள் தெரிந்தன. மூன்றிலும் வலை விரித்து, கயிறுகளை வேலிக் கட்டைகளிற் கட்டினோம். நாய்களை ஒருவர் விரட்டினார். எங்களிடம் பெரற் இல்லை.

“தண்ணி உள்ளை போகும். அதுவே விரட்டும். நீங்கள் காலை அசைக்காதையுங்கோ, மண்ணிலை அதிரும்” என்றார் முதியவர்.

அரை மணித்தியாலம் நின்றோம். நீர் தாழ்ந்த வாயிலைத் தொட்டு, உள்ளே ஒரு மிடறு இறங்கிற்று. முதல் வலை திடீரெனப் பந்துபோலச் சுருண்டது. சிறுவன் கூவுமுன் இரண்டாவதும் சுருண்டது. மூன்றாவதாக வந்தது தாய்முயல். மூன்றையும் சாக்கில் இட்டோம். நான்காவதற்காகக் காத்திருந்தபோது, மேட்டின் மறுபுறத்தில் ‘சளார்’ என்றொரு சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தோம். பற்றையின் கீழே நாங்கள் காணாத ஒரு வாயில்; அப்பால், சுழித்தோடும் செம்மண் நீர். பெரிய ஆண்முயல் போய்விட்டது.

சிறுவன் அழவில்லை. “அந்தப் பக்கம் இன்னொரு வளை இருந்தது, சேர். நீங்கள் கேட்கவில்லை” என்று மெல்லச் சொன்னான்.

அது உண்மை. அந்த மேட்டை நாள்தோறும் பார்த்தவன் அவன் ஒருவனே. புத்தகம் வாசித்தவனும் கேட்கவில்லை; கடலும் காடும் கண்டவரும் கேட்கவில்லை. எல்லா வாயில்களையும் முதலில் தேடு என்ற விதியை நான் அச்செழுத்தில் அறிந்திருந்தேன். தேடுவதென்றால் தெரிந்தவனிடம் கேட்பதும் அதிலடங்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவன் என் மாணவன் அல்லவா!

தாய்முயலின் வயிற்றில் உரோமம் பிடுங்கப்பட்டிருந்ததை முதியவர் கவனித்தார். மேட்டின் உச்சிப் பக்கத்தில் மண் அடைத்த சிறு துவாரம் ஒன்றை இம்முறை சிறுவன் காட்டினான். மண்வெட்டியால் மெல்லக் கிளறினோம். புல்லும் வெள்ளை உரோமமும் கலந்த மெத்தைக்குள் ஐந்து குட்டிகள் கிடந்தன. உரோமமில்லை; கண் திறக்கவில்லை; சிவந்த விரல்கள்போல நெளிந்தன.

முதியவர் ஒன்றைக் கையிலேந்தி நெடுநேரம் பார்த்தார். “மாஸ்ரர், இது எங்கடை முயலில்லை. எங்கடை முயற்குட்டி மயிரோடை, கண் திறந்துதான் பிறக்கும். பிறந்த கையோடை புல்லுக்குள்ளை பதுங்கும். இது வேறை சாதி. இதுக்கு வளை வேணுந்தான்” என்றார்.

“நீங்கள் சொன்ன முயலுக்கு வளையில்லை என்பதும் சரிதான், ஐயா” என்றேன்.

புல்லிற் பிறக்கும் குட்டி பிறந்தவுடனே பதுங்கவேண்டும். எனவே மயிரும் கண்ணும் கொண்டு பிறக்கிறது. மண்ணின் மறைவிற் பிறக்கும் குட்டிக்கு அவசரமில்லை. வளையுண்டா இல்லையா என்ற எங்கள் வழக்கின் தீர்ப்பு அந்தக் குட்டிகளின் மூடிய இமைகளிலே எழுதியிருந்தது. ஐந்தில் மூன்று பிழைத்தன. சில நாட்களில் வெசாக் பூரணை வந்தது. வடியாத நீரின்மேல் நிலவு எழுந்தபோது, தன்னுடலை இரவலனுக்கு உணவாகத் தீயில் இட்ட சசஜாதக முயலின் கதையை மேல்மாடியில் இருந்த பிள்ளைகளுக்குச் சொன்னேன். “அது எந்த முயல், சேர்?” என்று கேட்டான் சிறுவன். “புல்லிற் படுக்கிற முயல்” என்றார் முதியவர் எனக்கு முன்னே.

ஒரு பிராணியின் இயல்பை அறியாது செய்யும் காரியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகில் பெரிய சான்றுகள் உள்ளன. 1859இல் தோமஸ் ஒஸ்ரின் என்பவர் அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்துப் பண்ணையொன்றில் வேட்டை இன்பத்துக்காகச் சில முயல்களை விட்டார். அவை கண்டத்தையே மேய்ந்தன. மேற்கு அவுஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை நெடுவேலிகள் கட்டியும் அவை அடங்கவில்லை. நியூசிலாந்தில் முயலை ஒழிக்கவென 1880களில் பெரற்றுகளைக் கொணர்ந்து காட்டில் விட்டனர். அவை முயலோடு நில்லாமல், நிலத்திற் கூடு கட்டும் அந்நாட்டுப் பறவைகளையும் தின்றன. 2002இல் பெரற்றை விற்பதும் இனப்பெருக்குவதும் அங்கே தடைசெய்யப்பட்டன. வலை ஒரு வாயிலை மட்டும் காக்கும், மாலையானால் சுருட்டிக்கொள்ளலாம். உயிரை அவிழ்த்துவிட்டால் சுருட்ட முடியாது.

பிள்ளைகளின் கொப்பியில் நான் எழுதுவித்த வாக்கியத்தை அடுத்த வாரமே திருத்தினேன். வளை தோண்டும் இனத்தைக் ‘குழிமுயல்’ என்று எழுதுவோர் தமிழில் உண்டு. நல்ல சொல், பாடநூலாசிரியரும் மொழிபெயர்ப்போரும் அதனை ஆண்டால், நாளை இன்னொரு திண்ணையில் இன்னொரு வழக்கு மிச்சமாகும். இப்பொழுதெல்லாம் வகுப்பில் எதையும் எழுதுவிக்குமுன், “இதைக் கண்ணாற் கண்டவர் யாரேனும் இருக்கிறீர்களா?” என்று கேட்கிறேன். பெரும்பாலும் ஒருவரும் கை தூக்குவதில்லை. எப்போதாவது, கடைசி வாங்கிலிருந்து ஒரு கை எழும்.